பெயரிலி மடல்களும் பத்திராதிபர் பொறுப்பும்: லண்டன், கல்கத்தா, யாழ்ப்பாணம் (1691–1867)

1. முன்னுரை

ஒருவர் தம் பெயரை மறைத்து எழுதிய சொல்லைப் பலர் படிக்குமாறு வெளியிடும்போது, அச்சொல்லுக்கு விடை கூற வேண்டியவர் யார்? எழுதியவரா, அச்சிட்டவரா, தேர்ந்து இடமளித்த பத்திராதிபரா? இதழியல் வரலாற்றில் மீண்டும் மீண்டும் எழுந்த வினா இது. பெயரில்லாச் சொல் எளியோர்க்கு அரணாகவும் தீயோர்க்கு முகமூடியாகவும் ஒருசேர விளங்குவதால், அதனை முற்றிலும் விலக்கவும் முற்றிலும் ஏற்கவும் எச்சமூகத்தாலும் இயலவில்லை. விலக்கலுக்கும் ஏற்றலுக்கும் இடையே ஒரு நடைமுறை மெல்ல உருவாயிற்று. எழுதியவர் பெயர் வாசகருக்குத் தெரிய வேண்டியதில்லை. பத்திராதிபருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வெளியானதற்கு அவரே பொறுப்பாவார் என்பதே அது. இந்நடைமுறை உருவான வழியை லண்டன், கல்கத்தா, யாழ்ப்பாணம் ஆகிய மூன்று இடங்களின் நிகழ்ச்சிகளைக் கொண்டு ஆராய்வது இக்கட்டுரையின் நோக்கமாகும்.

2. மொட்டைக் கடிதமும் புனைபெயரும்

பெயரில்லா எழுத்தைக் குறிக்கத் தமிழ் வழக்கில் ‘மொட்டைக் கடிதம்’ என்னும் தொடர் நிலைபெற்றுள்ளது. கையொப்பம் இல்லாமையே அதன் மொட்டைத்தன்மை. அச்சொல்லில் இகழ்ச்சி கலந்திருப்பது கருதத்தக்கது. பிறனைக் கெடுக்கும் நோக்குடன் மேலதிகாரிக்கோ உறவினர்க்கோ மறைவாக அனுப்பப்படுவது என்பதே அதன் வழக்குப் பொருள். ‘புனைபெயர்’ என்னும் சொல்லில் அவ்விகழ்ச்சி இல்லை. புனைபெயரில் எழுதுவோர் தம் முகத்தை மறைத்தாலும், தம் சொல்லைப் பலர் முன்னிலையில் வைக்கின்றனர். அதற்கு மறுப்பு எழவும் வழி விடுகின்றனர்.

இவ்வேறுபாடு தமிழ் மரபுக்குப் புதியதன்று. தொல்காப்பியச் செய்யுளியல் அங்கதத்தைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இருவகைப்படுத்துகிறது. வெளிப்படையாகப் பழித்தலும் மறைபொருளாகப் பழித்தலும் அங்கு இலக்கிய வகைகளாகவே கொள்ளப்படுகின்றன. திருக்குறளோ, ஒருவர் இல்லாத இடத்து அவரைப் பழித்தலைப் ‘புறங்கூறாமை’ என்னும் தனி அதிகாரத்தில் கடிகிறது. மறைத்துப் பழித்தல் கலையாகலாம். மறைந்து பழித்தல் குற்றமாகும் என்னும் நுண்ணிய பாகுபாடு இவ்விரண்டையும் ஒப்பிடும்போது புலனாகிறது. முன்னதில் பொருள் மறைகிறது. பின்னதில் ஆள் மறைகிறார்.

ஐரோப்பாவிலும் இவ்விருவகைப் பெட்டிகள் இருந்தன. வெனிஸ் குடியரசின் அரண்மனைச் சுவர்களில் அமைந்த சிங்கவாய்கள் குற்றச்சாட்டு ஓலைகளைப் பெற்று நேரே ஆட்சிமன்றத்திற்கு அனுப்பின. 1713இல் லண்டனில் ஜோசப் அடிசன், வெனிஸின் சிங்கவாயை நினைவூட்டும் சிங்கத்தலை ஒன்றைப் பட்டன் காப்பிக் கடையில் வைத்து, ‘கார்டியன்’ இதழுக்கான வாசகர் மடல்களை அதன் வாயில் இடுமாறு அழைத்தார். வடிவம் ஒன்றாயினும் பயன் வேறாயிற்று. வெனிஸின் வாயில் இட்டது ஆட்சியாளரின் இரகசியமாயிற்று. லண்டனின் வாயில் இட்டதில் அடிசன் தேர்ந்தெடுத்தது பொதுமக்களின் வாசிப்பாயிற்று. தேர்ந்தெடுப்பவர் ஒருவர் இடையே நின்றதே இம்மாற்றத்தின் உட்கூறு.

இதற்கும் முன்னர், 1691இல் ஜான் டண்டன் தொடங்கிய ‘அதீனியன் மெர்க்குரி’ வாசகர்கள் பெயரின்றி அனுப்பிய வினாக்களுக்கு விடை கூறுவதையே தன் தொழிலாகக் கொண்டது. திருமணம், மனச்சான்று, இயற்கை அறிவியல் எனப் பலதுறை ஐயங்கள் அதில் இடம்பெற்றன. நேரில் கேட்க நாணும் வினாவைக் கேட்கப் பெயரின்மை உதவியது. 1695இல் இங்கிலாந்தின் அச்சு உரிமச் சட்டம் காலாவதியானபின், இத்தகைய இதழ்கள் பெருக வழி பிறந்தது.

3. ஜூனியஸும் வுட்ஃபாலும்

1769 ஜனவரி 21 முதல் 1772 ஜனவரி 21 வரை, ஹென்றி சாம்ப்சன் வுட்ஃபால் நடத்திய ‘பப்ளிக் அட்வர்டைசர்’ இதழில் ‘ஜூனியஸ்’ என்னும் புனைபெயரில் வெளியான மடல்கள் இவ்வினாவை நீதிமன்றத்திற்குக் கொண்டு சென்றன. அமைச்சர்களைக் கடுமையாகச் சாடிய ஜூனியஸ், 1769 டிசம்பர் 19 அன்று மூன்றாம் ஜார்ஜ் மன்னரையே நோக்கி எழுதினார். எழுதியவரைப் பிடிக்க இயலாத அரசு, அச்சிட்ட வுட்ஃபால்மீது வழக்குத் தொடர்ந்தது.

1770 ஜூனில் தலைமை நீதிபதி மான்ஸ்ஃபீல்டு பிரபு முன் வழக்கு நடந்தது. எழுத்து அவதூறா இல்லையா என்பது நீதிபதி முடிவு செய்ய வேண்டியது. அச்சிட்டாரா இல்லையா என்பது மட்டுமே நடுவர்குழுவிற்கு உரியது என மான்ஸ்ஃபீல்டு அறிவுறுத்தினார். நடுவர்குழுவோ, ‘அச்சிட்டு வெளியிட்டமைக்கு மட்டும்’ குற்றவாளி என்று தீர்ப்புக் கூறியது. ‘மட்டும்’ என்னும் அச்சொல் வழக்கைக் குலைத்தது. மறுவிசாரணைக்கு ஆணை பிறந்தும் வுட்ஃபால் தண்டனை பெறவில்லை. அவதூறு வழக்கில் முழுமையான தீர்ப்பு வழங்கும் உரிமையை நடுவர்குழுவிற்கு 1792ஆம் ஆண்டு ஃபாக்ஸ் கொணர்ந்த சட்டம் அளித்தது.

வுட்ஃபாலின் நடத்தையில் இரண்டு கூறுகள் கருதத்தக்கன. முதலாவது, அவர் ஜூனியஸுடன் காப்பிக் கடைகள் வழியாகவும் இதழில் இட்ட குறிப்புகள் வழியாகவும் தொடர்பு வைத்திருந்தார். எழுதியவர் யார் என அறியாதபோதும், எழுதியவரை அவரால் அணுக முடிந்தது. இரண்டாவது, மறுப்புக்கும் அவர் இடமளித்தார். சர் வில்லியம் டிரேப்பர் தம் சொந்தப் பெயரில் ஜூனியஸுக்கு எதிராக எழுதிய மடல்கள் அதே இதழில் வெளியாயின. 1758–59இல் பிரெஞ்சுப் படை சென்னைக் கோட்டையை முற்றுகையிட்டபோது அதைக் காத்த படைத்தலைவர்களுள் ஒருவர் டிரேப்பர். போர்க்களத்தில் பகைவரை நேரில் கண்ட அவர், முகமில்லாத பகைவரோடு அச்சில் பொருத வேண்டியதாயிற்று. பெயருடையவருக்கும் பெயரில்லாதவருக்கும் இடையே நிகழும் வழக்கில் ஆயுதங்கள் சமமாக இரா என்பதற்கு இம்மடல்கள் தெளிவான சான்று. பெயருடையவரின் பழைய வாழ்க்கை முழுவதும் தாக்குதலுக்கு உள்ளாகும். பெயரில்லாதவருக்கோ தாக்கத்தக்க வாழ்க்கையே இல்லை.

ஜூனியஸ் யார் என்பது அக்காலத்தில் வெளிப்படவில்லை. பிலிப் பிரான்சிஸ் என்பதே இன்று பெரும்பாலோர் ஏற்கும் கருத்து. 1962இல் ஆல்வார் எலெகார்டு சொல்லாட்சிப் புள்ளியியலைக் கையாண்டு இக்கருத்தை வலுப்படுத்தினார். அதே பிரான்சிஸ் 1774இல் கல்கத்தாவின் ஆட்சிக்குழு உறுப்பினராக வந்திறங்கினார் என்பது இவ்வரலாற்றின் அடுத்த களத்திற்கு வழிகாட்டுகிறது.

4. கல்கத்தா: சிறிய சமூகமும் பெரிய வழக்கும்

1780 ஜனவரி 29 அன்று ஜேம்ஸ் அகஸ்டஸ் ஹிக்கி கல்கத்தாவில் ‘பெங்கால் கெஜட்’ என்னும் வார இதழைத் தொடங்கினார். எல்லாக் கட்சியினர்க்கும் திறந்த இதழ் எனத் தன்னை அறிவித்துக்கொண்ட அதில், புனைபெயர் மடல்கள் மிகுதியாக இடம்பெற்றன. கல்கத்தாவின் ஐரோப்பியர் சமூகம் மிகச் சிறியது. ஒருவரையொருவர் அறிந்த அத்தகைய சமூகத்தில் புனைபெயரும் பட்டப்பெயரும் முழுத்திரையாக அமைவதில்லை. தாக்கப்பட்டவர் யார் என்பது அனைவர்க்கும் தெரியும். தாக்கியவர் யார் என்பதோ ஊகமாகவே நிற்கும். பெருநகரின் அரசியல் வசையைவிடச் சிற்றூர் வம்பு கொடிதாவது இதனாலேயே.

ஹிக்கியின் இதழில் பொதுநலமும் தனிவம்பும் பிரிக்க முடியாதவாறு கலந்திருந்தன. ஆட்சித்தலைவர் வாரன் ஹேஸ்டிங்ஸின் முறைகேடுகளைச் சாடிய அதே பக்கங்களில் தனியாரின் இல்லறச் செய்திகளும் எள்ளப்பட்டன. 1780 நவம்பரில் இதழை அஞ்சலில் அனுப்பத் தடை விதிக்கப்பட்டது. 1781இல் அவதூறு வழக்குகள் நடந்தன. வழக்குத் தொடர்ந்தோருள் ஒருவர், முன்பு கடலூரில் நெடுங்காலம் பணியாற்றிய சுவீடன் நாட்டு மிஷனரி ஜான் சகரியா கீர்நாண்டர். மிஷனுக்கு உரிய அச்செழுத்துகளைப் போட்டி இதழுக்கு அளித்தார் என்னும் பொருளில் ஹிக்கி அவரைத் தாக்கியிருந்தார். ஹிக்கி சிறையிலிருந்தும் இதழை நடத்தினார். 1782இல் அச்செழுத்துகள் கைப்பற்றப்பட்டதும் இதழ் நின்றது.

பத்திராதிபருக்குத் தேர்வு என்னும் கடமை உண்டு என்பதை ஹிக்கி உணர்ந்திலர் என்று கூறுவது எளிது. ஆயினும் அவருக்குப்பின் அரசு கண்ட தீர்வு அக்கடமையை அரசே எடுத்துக்கொள்வதாக அமைந்தது. சென்னையில் 1795இல் முன்தணிக்கை தொடங்கிற்று. 1799இல் வெல்லெஸ்லி கல்கத்தா இதழ்களுக்கு விதிகள் வகுத்தார். அச்சிட்டவர் பெயர் இதழில் இடம்பெற வேண்டும். ஆசிரியரும் உரிமையாளரும் தம் பெயரையும் முகவரியையும் அரசிடம் அளிக்க வேண்டும். அரசுச் செயலர் பார்வையிடாத இதழ் வெளிவரலாகாது. மீறுவோர் ஐரோப்பாவுக்குக் கப்பலேற்றப்படுவர். தேர்வு அரசின் கைக்குச் சென்றபின், பத்திராதிபர் வெறும் அச்சகக்காரரானார்.

1818இல் மார்க்குவிஸ் ஹேஸ்டிங்ஸ் முன்தணிக்கையை நீக்கி, அதற்கு மாற்றாகப் பொது விதிகளை வெளியிட்டார். தனியார் பற்றிய வம்பும், சமூகத்தில் பிளவை விளைக்கும் தனிமனிதத் தாக்குதலும் கூடா என்பது அவ்விதிகளுள் ஒன்று. தேர்வுக்கடமை பத்திராதிபரிடம் திரும்பி வந்தது. தவறினால் தண்டனை என்னும் வாளும் உடன் வந்தது.

5. பக்கிங்காம் வழக்கு (1819–1823)

1818 அக்டோபரில் ஜேம்ஸ் சில்க் பக்கிங்காம் தொடங்கிய ‘கல்கத்தா ஜர்னல்’ இவ்விதிகளைச் சோதித்தது. வாசகர் மடல்களே அவ்விதழின் உயிராக விளங்கின. படைவீரர், எழுத்தர், வணிகர் எனப் பலரும் புனைபெயரில் தம் குறைகளை எழுதினர். 1819 மேயில், சென்னை ஆளுநர் ஹியூ எலியட்டின் பதவிக்காலம் நீட்டிக்கப்பட்ட செய்தி, துயரச் செய்தியைப்போல் கறுப்பு விளிம்பிட்ட கடிதத்தில் சென்னையிலிருந்து வந்ததாக இதழ் எழுதிற்று. அரசு எச்சரித்தது. சென்னையில் தணிக்கை நீடித்ததனால் அங்கு அச்சேற இயலாத சொல், வேற்றூர் இதழில் பெயரின்றி அச்சேறிற்று என்பது இதனால் விளங்கும். 1822இல் சென்னை ஆளுநர் தாமஸ் மன்றோ, கட்டற்ற அச்சு அந்நிய ஆட்சிக்கு ஒவ்வாது என்னும் கருத்துடைய குறிப்பை எழுதியதும் இப்பின்னணியில் வைத்து நோக்கத்தக்கது.

இவ்வரலாற்றின் மையமாகக் கொள்ளத்தக்கது 1821 ஜூலையில் நிகழ்ந்தது. குருமார் சிலர் தம் பணியிடத்தைவிட்டுத் தொலைவிலுள்ள திருமணங்களை நடத்தச் செல்வதால், இறக்கும் தறுவாயில் இருப்போர்க்கு ஆறுதல் கிட்டுவதில்லை என்னும் பொருளில், திருச்சபையைச் சேர்ந்த ஒருவர் எனவும் மரணப் படுக்கையில் இருந்த பெண்மணி ஒருவரின் நண்பர் எனவும் தம்மைக் குறித்துக்கொண்டவரின் மடல் வெளியாயிற்று. கல்கத்தா ஆயர் முறையிட்டார். எழுதியவர் பெயரை அரசு கேட்டது. தமக்கு அவரைத் தெரியாது என்றும், வெளியிடுவதால் பொதுநன்மை விளையக்கூடும் எனக் கருதியே இடமளித்ததாகவும் பக்கிங்காம் விடையளித்தார். யாரென அறியாத ஒருவரின் குற்றச்சாட்டைப் பொதுநன்மை என்னும் பெயரால் பரப்புவது முறையாகாது என்று அரசு கடிந்து, நாட்டில் தங்கும் அனுமதியை இழக்க நேரும் என எச்சரித்தது.

இவ்வழக்கில் இருதரப்பிலும் நியாயம் இருந்தது. குறிப்பிட்ட ஊரின் குருவானவர்மீது சுமத்தப்பட்ட குற்றம் மெய்யா என உசாவாமல் வெளியிட்டது பத்திராதிபரின் தவறே. ஆயினும், மேலதிகாரியிடமே முறையிட வேண்டும் என்னும் அரசின் வாதம், வெளிப்படையான குறையை மீண்டும் மறைவான மொட்டைக் கடிதமாக்கும் வாதமாகும். சிங்கவாயை வெனிஸுக்கே திருப்பியனுப்புவது அது.

பெயர் வெளிப்பட்டால் நேர்வது யாது என்பதற்கு மறு ஆண்டே விடை கிடைத்தது. 1822 மேயில் படைத்துறை நண்பர் ஒருவர் என்னும் புனைபெயரில் வெளியான மடலை எழுதியவர் லெப்டினண்ட் கர்னல் ராபிசன் எனத் தெரியவந்ததும், அவர் படை நீதிமன்றத்தின்முன் நிறுத்தப்பட்டார். ஆகவே, பெயரை அறிந்திருத்தலும் பத்திராதிபருக்கு இடர், அறியாதிருத்தலும் இடர். அறிந்தால் காட்டிக்கொடுக்கும் கடமை நேரும். அறியாவிடில் பொறுப்பற்றவர் என்னும் பழி நேரும்.

1823இல் தற்காலிக ஆட்சித்தலைவர் ஜான் ஆடம் பக்கிங்காமை நாடுகடத்தி, இதழ்களுக்கு உரிமம் கட்டாயம் என ஆணையிட்டார். அதனை எதிர்த்து ராஜா ராம்மோகன் ராய் தம் பாரசீக இதழான ‘மிராத்-உல்-அக்பார்’ வெளியீட்டை நிறுத்தினார். இவ்வுரிம முறை 1835இல் மெட்காஃப் காலத்தில் நீங்கிற்று.

6. யாழ்ப்பாணம்: ‘உதயதாரகை’

பெயரின்மையின் மறுபக்கத்தை விளக்கத் தமிழ்ச் சான்று ஒன்று உண்டு. 1841 ஜனவரியில் அமெரிக்க மிஷன் யாழ்ப்பாணத்தில் ‘உதயதாரகை’ என்னும் இருமொழி இதழைத் தொடங்கிற்று. மானிப்பாயில் இருந்த மிஷன் அச்சகத்தில் அது அச்சிடப்பட்டது. ஹென்றி மார்ட்டின், சேத் பேசன் என்னும் தமிழர் இருவர் ஆசிரியராயினர். அமெரிக்க நன்கொடையாளரின் பெயர்களை மாணவர்க்கு இடும் மிஷன் வழக்கத்தால் வந்த பெயர்கள் அவை.

1840களின் முற்பகுதியில் இவ்விதழில், விவிலியம் கூறும் ஆலயச் சடங்குகளையும் சைவ வழிபாட்டையும் ஒப்பிட்டுச் சைவத்தின்மீது மிஷன் சுமத்திய குற்றத்தை மறுக்கும் பெயரிலி மடல் வெளியாயிற்று. அதனை எழுதியவர் ஆறுமுக நாவலர் என ஆய்வாளர் கொள்வர். 1822 டிசம்பரில் பிறந்த அவர் அப்போது இளைஞர். ‘நாவலர்’ என்னும் பட்டம் பெறாதவர். வெஸ்லியன் மிஷனின் பீட்டர் பெர்சிவலிடம் விவிலியத் தமிழாக்கப் பணியில் துணைநின்றவர். தாம் ஊதியம் பெறும் மரபின் கோட்பாட்டை, அம்மரபினரின் இதழிலேயே மறுக்க முனைந்தவருக்குப் பெயரின்மை தேவையாயிற்று.

இங்கு ஆசிரியரின் தேர்வு கருதத்தக்கது. தம் சமயத்துக்கு மாறான கருத்தைப் பெயரில்லை என்னும் காரணங்காட்டி விலக்கியிருக்க அவர்களால் இயலும். விலக்கவில்லை. அம்மடல் தனிமனிதர் எவரையும் பழிக்காமல் கருத்தோடு பொருதியது. ஆகவே எழுதியவர் யார் என அறியாமலேயே அதன் வாதத்தை எடைபோட முடிந்தது. கல்கத்தா மடலிலோ குற்றச்சாட்டின் மெய்ம்மை எழுதியவரின் நம்பகத்தை மட்டுமே சார்ந்திருந்தது. வாதத்திற்குப் பெயர் வேண்டியதில்லை. சாட்சியத்திற்குப் பெயர் வேண்டும் என்னும் பாகுபாடு இவ்விரு நிகழ்ச்சிகளின் ஒப்பீட்டால் பெறப்படுகிறது.

நாவலர் நெடுங்காலம் பெயரிலியாக நிற்கவில்லை. 1848இல் பெர்சிவலைவிட்டு நீங்கியபின், 1849இல் சென்னை சென்று அச்சியந்திரம் பெற்றார். 1854இல் ‘சைவதூஷண பரிகாரம்’ வெளிவந்தது. சொந்த அச்சகமும் சொந்தப் பள்ளியும் வாய்த்தபின் மறைவுக்குத் தேவை குறைந்தது. பெயரின்மை பலருக்குக் குணமன்று, நிலைமை என்பதை இவ்வாழ்க்கை காட்டுகிறது.

7. சட்டம் கண்ட நடுவழி

1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டம் இவ்வினாவுக்கு எழுத்து வடிவில் விடை கண்டது. அதன் 499ஆம் பிரிவு அவதூறை வரையறுத்து, பத்து விலக்குகளை வகுத்தது. பொதுநன்மைக்காக உண்மை கூறுதல், அரசு ஊழியரின் பொது நடத்தைபற்றி நல்லெண்ணத்துடன் கருத்துரைத்தல் முதலியன அவற்றுள் அடங்கும். 501ஆம் பிரிவு, அவதூறு என அறிந்தோ, அவ்வாறு நம்பத் தக்க காரணம் இருந்தோ அச்சிடுவோரைத் தனியே தண்டித்தது. 1867இன் அச்சக, நூற்பதிவுச் சட்டம் அச்சிட்டவர், வெளியிட்டவர் பெயர்களைக் கட்டாயமாக்கிற்று. ஆசிரியர் பெயரும் இடம்பெற வேண்டும் என்னும் திருத்தம் 1922இல் வந்தது.

இச்சட்டங்கள் வாசகர் தம் பெயரை வெளியிடுமாறு கோரவில்லை என்பது நோக்கத்தக்கது. எழுதுவோர் மறைந்திருக்கலாம், இதழில் பெயருடைய ஒருவரேனும் நிற்க வேண்டும். பக்கிங்காம் சொன்ன ‘பொதுநன்மை’ தனியே போதவில்லை. அதனோடு உசாவலும் நல்லெண்ணமும் சேர வேண்டியதாயிற்று. உண்மைப் பெயரும் முகவரியும் பத்திராதிபருக்கு மட்டும் தரப்பட வேண்டும் என்று கடிதப் பகுதியில் இதழ்கள் இடும் குறிப்பு, இந்நடுவழியின் சுருக்கமே.

8. முடிவுரை

இந்நடைமுறை தமிழர் குடியேறிய நாடுகளின் இதழ்களுக்கும் பொருந்தும். சிங்கப்பூரில் 1887இல் மகுதூம் சாயபு தொடங்கிய ‘சிங்கை நேசன்’, கோலாலம்பூரில் 1924இல் நரசிம்ம ஐயங்கார் தொடங்கிய ‘தமிழ் நேசன்’, 1935இல் தமிழர் சீர்திருத்தச் சங்கத்தின் வழி தோன்றிக் கோ. சாரங்கபாணியால் வளர்ந்த ‘தமிழ் முரசு’ ஆகியன, பழைய கல்கத்தாவைப் போலவே, ஒருவரையொருவர் அறிந்த சிறு சமூகங்களின் நடுவே இயங்கியவை. சாதி, கோயில் நிருவாகம், திருமணச் சீர்திருத்தம், வேலையிட முறைகேடு ஆகியவற்றைப் பற்றி எழுத முனைந்த தோட்டத் தொழிலாளருக்கும் கடைச் சிப்பந்திக்கும் புனைபெயரே பாதுகாப்பு. சங்கப் பதவியை நாடிப் போட்டியாளரைப் பழிக்க முனைந்தவருக்கும் அதுவே படைக்கலம். இருவரையும் பிரித்தறிந்தவர் பத்திராதிபர் ஒருவரே.

மேற்கூறியவற்றால் நான்கு முடிவுகள் பெறப்படுகின்றன. பெயரிலி எழுத்தை மறைவான முறையீட்டிலிருந்து பிரிப்பது மறுப்புக்கு இடமளிக்கும் வெளிப்படைத்தன்மையே. கருத்தை எடைபோடப் பெயர் வேண்டா. பிறர்மீது குற்றம் சாட்டும் செய்திக்குப் பெயரோ அதற்கு ஈடான உசாவலோ வேண்டும். தேர்வுக்கடமையைப் பத்திராதிபர் கைவிட்டால் அதனை அரசு எடுத்துக்கொள்ளும். தம்மிடம் ஒப்படைக்கப்பட்ட பெயரைக் காப்பதும் அத்தேர்வுக்கடமையின் பகுதியே.

ஆய்வு நூலகங்களுக்கும் இதனால் ஒரு பணி உண்டு. பழந்தமிழ் இதழ்களைத் தொகுக்கும்போது தலையங்கங்களும் கதைகளும் பெறும் கவனத்தை வாசகர் மடல்கள் பெறுவதில்லை. அவற்றின் புனைபெயர்களை அகரநிரலாகத் தொகுத்து, எந்த இதழில், எந்த நாளில், எப்பொருள்பற்றி எழுதப்பட்டன என்று பதிவு செய்தல் வேண்டும். சான்று இல்லாத இடத்தில் புனைபெயருக்கு உண்மைப்பெயர் கற்பித்துப் பட்டியலில் ஏற்றுதல் தவிர்க்கத்தக்கது. அக்காலப் பத்திராதிபர் காத்த நம்பிக்கையை இக்காலப் பட்டியலாளரும் காக்கக் கடவர். தம் பெயரில் எழுத வாய்ப்பில்லாதிருந்த தமிழர் எவற்றைப் பேச விழைந்தனர் என்பதற்கு அம்மடல்களே நேரடிச் சான்றாவன.